ரயில் பார்க்க எங்கே நிற்பது?

நிறைய வண்டி போகும் இடம்தான் ரயில் வேடிக்கைக்கு நல்ல இடம் என்று பலரும் நினைப்பார்கள். என் கணக்கு வேறு. ரயில் எப்படி ஓடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிற இடமே நல்ல இடம். சென்னைப் புறநகரில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரம் நிற்கலாம்.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஏதாவது ஒரு நிலையத்தில் பிளாட்பாரக் கோடிக்குப் போய், வண்டி கிளம்பிப் போகும் திசையைப் பாருங்கள். சிக்னல் கம்பத்தில் ‘ஏ’ எழுதிய வட்டப் பலகை இருந்தால் அது தானியங்கி சிக்னல். வண்டி அதைக் கடந்ததும் பச்சை போய்ச் சிவப்பு வருகிறது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. சிக்னலை மாற்றியது சக்கரம்தான். தண்டவாளங்கள் வழியாக மெல்லிய மின்னோட்டம் ஓடி, ‘ரிலே’ என்ற மின்காந்தச் சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி ஏறியதும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் போய்விட, ரிலே விழுந்து சிவப்பு எரிகிறது. தண்டவாளம் முறிந்தாலும், மின்சாரம் நின்றுபோனாலும் ரிலே விழும், அப்போதும் சிவப்புதான். கோளாறு வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்று யோசித்து அமைத்த ஏற்பாடு இது.

உடனே நகர்ந்துவிடாதீர்கள். சிவப்பு மஞ்சளாகும், பிறகு இரட்டை மஞ்சள், கடைசியில் பச்சை. கண்ணுக்கு மறைந்த வண்டி ஒவ்வொரு பகுதியாகத் தாண்டிப் போவதை அந்த விளக்குகள் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்த இடம் நடைமேம்பாலம். அங்கே நின்று மின்கம்பியை நீளவாக்கில் பாருங்கள். நேராகப் போகிறது என்று நாம் நம்பியிருந்த கம்பி, ஒரு கம்பத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் சுமார் 20 செ.மீ. விலகி, கோணல்மாணலாகப் போவது தெரியும். கட்டியவர்களின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். வண்டியின் கூரையிலிருந்து எழும்பி நிற்கும் ‘பான்டோகிராஃப்’ இந்தக் கம்பியை உரசித்தான் மின்சாரம் எடுக்கிறது. ஒரே இடத்தில் உரசினால் அதன் கார்பன் பட்டையில் பள்ளம் விழுந்துவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்போது, கம்பி ஓடக் கார்பன் தேயாதா? அதனால்தான் தேய்மானத்தைப் பட்டை முழுக்கப் பங்கிட்டுவிட்டார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல், மீட்டர்கேஜ் பாதையில். அன்று கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று 25,000 வோல்ட் மாறுமின்சாரம்.

வளைவைப் பார்க்கச் செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டும். கொளவாய் ஏரியை ஒட்டி வண்டி வளைந்து வரும்போது எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒருசேரத் தெரியும். இங்கே ஒரு புதிர் இருக்கிறது. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம் அதிகம், உள் தண்டவாளம் குறைவு. ஓர் அச்சின் இரு சக்கரங்களோ சேர்ந்தேதான் சுற்றும். பிறகு எப்படித் திரும்புகிறது?

விடை டீக்கடையில் இருக்கிறது. வாய் அகன்று அடி குறுகிய கண்ணாடி டம்ளரைப் படுக்கவைத்து உருட்டினால் அது வட்டமடிக்கும். ரயில் சக்கரத்தின் விளிம்பும் அப்படித்தான், உட்பக்கம் சற்றுப் பெருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் இருக்கும். வளைவில் அச்சு வெளிப்பக்கமாக ஒதுங்கும்போது வெளிச் சக்கரம் தன் பெருத்த பகுதியிலும், உள் சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருள்கின்றன. ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரம் போகிறது, மற்றது குறைவாகப் போகிறது. ஸ்டியரிங் இல்லாமலே வண்டி திரும்பிவிடுகிறது.

சரக்கு வண்டி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வடக்கே அத்திப்பட்டு இருக்கிறது. நிலக்கரி ஏற்றிய வண்டிகள் அந்தப் பக்கம் வரும். காலையில் போனால் கிழக்குப் பக்கம் நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும், வண்டியின் முகம் பளிச்சென்று தெரியும். பிளாட்பாரத்தில் குழந்தை எதுவும் நின்றால் நிச்சயம் வேகன்களை எண்ணும். ஐம்பதைத் தாண்டும்போது கணக்கு தப்பும், சிணுங்கும், அடுத்த வண்டிக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ரயில்வேயும் அதையே செய்கிறது. பல தடங்களில் தண்டவாளத்தோரம் பொருத்திய ‘ஆக்சில் கவுன்ட்டர்’, ஒரு பகுதிக்குள் நுழைந்த அச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணி, வெளியேறியவற்றையும் எண்ணும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பாதை காலி. ஓர் அச்சு குறைந்தாலும் பின்னால் வரும் வண்டிக்கு வழி கிடைக்காது. நிலைய ஊழியரோ கடைசிப் பெட்டியின் பின்னால் உள்ள பெருக்கல் குறியைத் தேடுவார். அது கண்ணில் பட்டால் வண்டி நடுவழியில் எதையும் விட்டுவிடாமல் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு தப்பிச் சிணுங்கும் குழந்தையிடம் அந்தக் குறியைக் காட்டுங்கள்.