கூத்தோடு வாழ்ந்தவர்கள் – 9: காலுக்குள் இருக்கும் ஏடு

மன்னார்–பூநகரி வீதியோரத்து இலுப்பைக்கடவையிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் கூத்தில் பாட்டுத்தான் ராசா. மாதோட்டப் பாங்கோ, யாழ்ப்பாணப் பாங்கோ, ஏட்டைப் பார்த்து, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, விடிந்துவிடும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எங்கள் மன்னார்க் கூத்துகளான ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ நாடகங்களைப் பதிப்பித்தார். அவருக்கு மன்னார் என்றும் கடமைப்பட்டது. ஆனாலும் அச்சேறியது பாட்டின் வரிதான். அதை எப்படி இழுப்பது, மத்தளம் எங்கே விழும், கால் எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் பழக்குகிறவரிடமே தங்கிவிட்டன. 2008இல் போரால் இந்தக் கரை முழுவதும் இடம்பெயர்ந்தது. பழக்குகிறவர் ஓரிடம், பழகுகிற பிள்ளைகள் வேறிடம் என்று சிதறினால் புத்தகம் மட்டும் என்ன செய்யும்?

இந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் மட்டக்களப்புக்குப் போகிறோம், பேராசிரியர் சி. மௌனகுருவிடம்.

1943இல் அமிர்தகழியில் பிறந்தவர். வந்தாறுமூலையில் படிக்கும்போதே கூத்தாடியவர். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன காலமும் நல்ல காலம். 1956இல் சரச்சந்திராவின் ‘மனமே’ நாடகம் சிங்கள அரங்கை உலுக்கியிருந்தது. நம்மிடம் உள்ள கூத்தைக் கொண்டு நாமும் செய்யலாமே என்று அங்கே கற்பித்த வித்தியானந்தன் முனைந்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து மாணவர்களைப் பழக்கினார். பட்டப்படிப்புப் பிள்ளைகள் ஒரு கிராமத்து அண்ணாவியாரின் முன்னால் மாணாக்கராக நின்றதைத்தான் அந்தக் காலத்தின் பெரிய காரியமாக நான் மதிக்கிறேன். 1965இல் ‘இராவணேசன்’ மேடையேறியது. எழுதியவரும் மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் மௌனகுரு. கவிதை, பாட்டு, ஆட்டம் மூன்றும் ஒரே ஆளுக்குள் சேர்ந்துவிட்டன.

‘இராவணேசன்’ மட்டக்களப்புக் கூத்தின் வடமோடிப் பாங்கில் அமைந்தது. வடமோடி ஆட்டத்தைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் பாடு விளங்கும். கூத்தர் பாட்டை எடுக்கும்போது கால் அடங்கி நிற்கும். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கியதும் கால் கிளம்பும். எட்டு, நாலடி, பொடியடி, வீசாணம், குத்துமிதி என்று ஆட்டவகைகள் ஒவ்வொன்றாக வரும். தாளத்தை முடித்து நின்ற மறுகணமே அடுத்த அடியைப் பாட மூச்சு வேண்டும். அந்த மூச்சை எப்படிச் சேமிப்பது என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. பக்கத்தில் நின்று ஆடிக்காட்ட ஒருவர் வேண்டும்.

மௌனகுருவின் ‘சங்காரம்’ பழைய கதையை விட்டு வர்க்கம், சாதி, இனம் ஆகியவற்றை அரக்கர்களாகக் களத்தில் இறக்கியது. ராசாக்களுக்கென்றே இருந்த ஆட்டம் உழைக்கிறவர்களின் காலுக்கு வந்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து நூல் எழுதினார். ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. அரங்க ஆய்வுகூடம் என்று அமைத்து இளையவர்களைக் கூட்டிவைத்துப் பழக்கினார். ‘இராவணேசன்’ பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் புதிய பிள்ளைகளோடு மேடைக்கு வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரவு முழுக்க ஆடுவதைச் சில மணிநேரத்துக்குள் அடக்கி, சுற்றிலும் சனம் இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து ஒருபக்க மேடைக்கு ஏற்றியதால் ஊர்ச்சனம் வெறும் பார்வையாளராகிவிட்டது என்கிறார்கள் சிலர். கூத்தர்களுக்கு அவரவர் பாடத்தைக் கையளிக்கும் சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்காக ஊரையே சேர்த்துவைத்த வேலை அந்த மேடையில் இல்லை என்பதும் மெய்தான். ஆனால் நகரத்துப் படித்தவர்கள் கூத்தை இளக்காரமாகப் பார்த்த நாளில் அதைத் தலைநிமிர வைத்தது அந்த மேடைதான். மன்னாருக்கு இரண்டுமே தேவை என்பேன். அதிலும் முதல் தேவை, பாடத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே பாடசாலைப் பிள்ளைகளை அவர்களிடம் கூட்டிப்போவது.

களரியை ஊருக்குள்ளேயே வைத்து, ஊராரோடு பேசிப்பேசிக் கூத்தைத் திருத்தி ஆடிய இடம் மட்டக்களப்புச் சீலாமுனை. கலாநிதி சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்தர்களும் அங்கே செய்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)