ஏரியும் வெயிலும்



திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டுச் சற்று விலகி நடந்தால் சமுத்திரம் ஏரியை அடையலாம். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அதன் கரையில் நின்று பாருங்கள். நீரில் பாசி படர்ந்திருக்கும். பொடி மீன்களை எண்ணி மாளாது. அவற்றைத் தின்னும் விராலோ மிகக் குறைவு. மேலே வட்டமிடும் செம்பருந்து ஒன்றோ இரண்டோதான். ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில் இதை விளக்கக் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைவது வழக்கம். பாசி, பொடி மீன், விரால், பருந்து. பருந்து மடிந்தால் மண். மண்ணின் சத்திலிருந்து மீண்டும் பாசி. "உணவும் சக்தியும் இவ்வாறு சுழல்கின்றன" என்று முடிப்பேன். ஒருநாள் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, சக்தி சுழன்று திரும்பி வருமானால், நாள்தோறும் சூரியன் எதற்கு?" என்றான். நல்ல வேளையாக மணி அடித்தது.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். பிழை என்னுடையதுதான். கரி, சுண்ணாம்பு, உப்புச் சத்துகள் முதலிய பொருள்கள் சுழல்வது உண்மை. ஆனால் சக்தி சுழல்வதில்லை. அது வெயிலாக வந்து, வெப்பமாகக் கழிந்து போகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் பாக் என்ற சிறிய ஏரி ஒன்று உண்டு. ரேமண்ட் லிண்டமன் என்னும் இளைஞர் ஐந்தாண்டுகள் அதனை ஆராய்ந்து, சக்தியின் வரவு செலவைக் கணக்கிட்டார். முதலில் அக்கட்டுரையை வெளியிட மறுத்தனர். 1942இல் அது அச்சேறியபோது, முப்பது வயது நிரம்பாத அவர் உயிரோடில்லை. அந்த ஏரியின் தாவரங்கள், விழுந்த வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கையே பிடித்து வைத்தன. தாவரங்களிடமிருந்து அவற்றைத் தின்னும் உயிர்களுக்குச் சென்றது ஏறத்தாழ 13 சதவிகிதம். அவற்றிடமிருந்து ஊனுண்ணிகளுக்கு 22 சதவிகிதம். உங்கள் பாடநூலில் காணும் 'பத்தில் ஒன்று' என்பது ஒரு தோராயக் கணக்கே. அதைச் சட்டமென மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மீதி எங்கே போகிறது? கீழ்ப்படியில் உள்ளதெல்லாம் மேற்படியாருக்கு அகப்படுவதில்லை. அகப்பட்டதெல்லாம் செரிப்பதில்லை, முள்ளும் செதிலும் கழிவாகும். செரித்ததிலும் பெரும்பகுதி நீந்தவும் சுவாசிக்கவும் செலவாகி வெப்பமாகிவிடும். இதில் பறவையின் பாடுதான் பெரும்பாடு. விராலின் உடற்சூடு நீரின் சூட்டை ஒட்டியது. பருந்தோ இரவும் பகலும் தன் உடலுக்குள் அடுப்பை மூட்டி வைத்திருக்க வேண்டும். செரித்ததில் அதன் உடலாக மாறுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். வெளியேறிய வெப்பத்தைப் பாசி மீண்டும் பற்றி உணவாக்க இயலாது. அதற்கு ஒளியே வேண்டும். அந்த மாணவனுக்கு உரிய விடை இதுவே.

பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், பாசியில் அடங்கிய 10,000 கலோரி, நுண்ணுயிர்களில் 1,000 ஆகி, பொடி மீனில் 100 ஆகி, விராலில் 10 ஆகி, பருந்தில் 1 ஆகிறது. ஏரியில் பருந்துகள் ஏன் பெருகுவதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. மீன் வளர்ப்போர் ஏரிகளில் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுவதைக் கண்டிருப்பீர்கள். கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், ரோகு பெரும்பாலும் தாவரப் பொருள்களையும் உண்பவை. வெயிலுக்கு ஓரிரு படிகளே அப்பால் நிற்பவை. விராலுக்கு ருசி அதிகம், விலையும் அதிகம். அதை நான் மறுக்கவில்லை. எனினும் அது மீனைத் தின்று வளரும் மீன். தீனி ஏதும் போடாமல் ஏரியின் விளைவை மட்டும் நம்பினால், விரால் சில வீடுகளுக்கும் கட்லா ஓர் ஊருக்கும் கிடைக்கும்.

மறுவாரம் அவ்வகுப்பில் வட்டத்தை அழித்துவிட்டு ஏணி ஒன்று வரைந்தேன். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் 'வெப்பம்' என்று எழுதினேன். கேள்வி கேட்ட மாணவன் எழுந்து வந்து, "மேலே போகப் போகப் படி குறுக வேண்டாமா, ஐயா?" என்று சுண்ணக்கட்டியை வாங்கி, அவனே திருத்தி வரைந்தான்.