தெஃப் தானியமும் உயிர்த்தொழில்நுட்பமும்

தெஃப் என்பது எத்தியோப்பியா, எரித்திரியா ஆகிய நாடுகளின் முதன்மை உணவுத் தானியம் ஆகும். புல் குடும்பத்தைச் சேர்ந்த இப்பயிரின் மணி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இதன் மாவைப் புளிக்க வைத்து, கல்லில் வார்த்துச் சுடும் இஞ்சேரா என்னும் மென்மையான அப்பம் எத்தியோப்பியரின் அன்றாட உணவாகும். தெஃப்பில் குளூட்டன் இல்லை. வறட்சி, நீர் தேங்கிய மண் ஆகிய இரண்டையும் இப்பயிர் ஓரளவு தாங்கும். எனினும் நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்குக் கிடைத்த ஆய்வு முதலீடு இதற்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. எனவே இது புறக்கணிக்கப்பட்ட பயிர்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பயிர் சாய்தல்

தெஃப்பின் விளைச்சல் குறைவாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் பயிர் சாய்தல். இதன் தண்டு மெலிந்து உயர்ந்து வளரும். கதிர் முற்றும்போது காற்றும் மழையும் சேர்ந்தால் பயிர் தரையில் படுத்துவிடும். அதனால் மணிகள் சரியாக நிறைவதில்லை, அறுவடையும் கடினமாகிறது. உரம் கூடுதலாக இட்டால் பயிர் மேலும் உயர்ந்து எளிதில் சாயும். ஆகவே உரமிட்டு விளைச்சலைப் பெருக்கும் வழி உழவருக்கு முழுமையாகப் பயன்படுவதில்லை. நெல்லிலும் கோதுமையிலும் இதே சிக்கலைப் பசுமைப் புரட்சிக் காலத்தின் குட்டை இரகங்கள் தீர்த்தன. தெஃப்பில் அக்காலத்தில் அத்தகைய குட்டை இரகம் உருவாகவில்லை.

கலப்பினப் பெருக்கம்

தெஃப் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பூ மிகச் சிறியது, அதிகாலையில் சிறிது நேரமே விரியும். இதனால் இரு இரகங்களைக் கலப்பது இயலாது என்று முன்பு கருதப்பட்டது. 1970களில் எத்தியோப்பிய அறிவியலாளர் தாரெக்கே பெர்ஹே பூ விரியும் நேரத்தைக் கண்டறிந்து கலப்புச் செய்யும் முறையை வகுத்தார். அம்முறையின் பயனாக டெப்ரே செயித் ஆய்வு மையத்தில் உருவான குஞ்சோ இரகம் 2006 இல் வெளியிடப்பட்டது. நல்ல விளைச்சலையும், சந்தையில் கூடுதல் விலை பெறும் வெள்ளை மணியையும் இது ஒருங்கே கொண்டிருந்ததால் உழவரிடம் விரைவாகப் பரவியது. ஆனால் சாயும் குறை முழுதும் நீங்கவில்லை.

மரபணு ஆய்வுகள்

தெஃப் ஒரு நான்மடியத் தாவரம். இரு மூதாதைப் புற்களின் மரபணுத்தொகைகள் இதில் இணைந்துள்ளன. ஆகவே ஒரு மரபணுவின் ஒரு படி பழுதானாலும் மற்ற படிகள் அதன் வேலையைச் செய்துவிடும். குட்டைத்தன்மை போன்ற மாற்றங்கள் வெளிப்படாமல் மறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். இதன் மரபணுத்தொகை வரைவு, செதே இரகத்தைக் கொண்டு 2014 இல் வெளியானது. அதற்குப் பின் தேவையான மரபணுக்களைத் தேடுவது எளிதாயிற்று.

வேதிப்பொருளால் சடுதிமாற்றம் தூண்டப்பட்ட தாவரங்களுள், ஆல்ஃபா-டியூபுலின் மரபணு மாறிய கெக்னே என்னும் குட்டைத் தாவரம் கண்டறியப்பட்டது. 2022 இல் வெளியான ஆய்வொன்றில், நெல்லைக் குட்டையாக்கிய அதே எஸ்டி-1 மரபணுவை அமெரிக்காவைச் சேர்ந்த குழு கிரிஸ்பர் முறையில் திருத்தியது. நான்கு படிகளையும் ஒருங்கே மாற்றியதால் பயிர் குட்டையாகி, சாய்வைத் தாங்கியது.

உழவர் தேவை

தெஃப் வைக்கோல் மாடுகளுக்கு விருப்பமான தீவனம். மண்சுவர் எழுப்பும் சேற்றிலும் அதைக் கலப்பர். பயிரை மிகவும் குட்டையாக்கினால் வைக்கோல் குறைந்து, மணியில் கிடைக்கும் ஆதாயம் மாட்டுத் தீவனத்தில் இழப்பாகும். ஆகவே சாயாத அளவுக்குக் குட்டையாகவும், வைக்கோல் தரும் அளவுக்கு உயரமாகவும் உள்ள பயிரே தேவைப்படுகிறது. ஆய்வகத்தில் கிடைத்த மாற்றங்களை உழவர் விரும்பும் உள்ளூர் இரகங்களில் சேர்த்து, வயலில் சோதித்து, விதையாகக் கொடுக்கும்போதே இவ்வாய்வு முழுமை பெறும்.