திராம்பஸ் வேறு, எம்போலஸ் வேறு

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பாயி சென்ற ஆடி மாதத்தில் காலமானார். வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்தவர். இடது கால் மட்டும் வீங்கி ஆடுசதை கனக்கிறது என்றார். தோழிதான் நல்லெண்ணெயைக் காய்ச்சி இரண்டு நாள் நீவிவிட்டாள். மூன்றாம் நாள் திடீரென மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அன்று மாலையே உயிர் பிரிந்தது. அங்கே கொடுத்த சீட்டில் கால் நரம்புக்குத் ‘திராம்போசிஸ்’ என்றும், நுரையீரலுக்கு ‘எம்போலிசம்’ என்றும் எழுதியிருந்தார்கள். இது ஒரு நோயா, இரண்டு நோயா என்று அவள் எங்களைக் கேட்டாள். அகராதியைப் புரட்டினோம். இரண்டுக்கும் அடைப்பு என்றே பொருள் கண்டோம், மனம் நிறையவில்லை.

2022ஆம் ஆண்டு எங்கள் அரியலூருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததல்லவா? எங்கள் பள்ளியில் படித்து இப்போது மருத்துவம் பயிலும் அக்கா ஒருவர் விடுமுறையில் வந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டோம். அவரிடம் கேட்டதையும், பின்னர் நாங்கள் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

அரிவாள்மனையில் விரல் பட்டால் இரத்தம் சற்று நேரத்தில் உறைந்து நிற்கிறது. தட்டணுக்களும் ஃபைப்ரின் என்னும் நூல்வலையும் செய்யும் வேலை அது. வெட்டுக்காயம் எதுவும் இன்றி, இரத்தக் குழாய்க்கு உள்ளேயே இரத்தம் உறைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டிக்குத் திராம்பஸ் என்று பெயர். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் புண்படுவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை அடைவது ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்கள். அப்பாயி அசையாமல் படுத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். நடக்கும்போது ஆடுசதைதான் காலின் இரத்தத்தை அழுத்தி மேலே ஏற்றுகிறது; அது வேலை செய்யாவிட்டால் இரத்தம் தேங்கும்.

எம்போலஸ் என்பது கிரேக்க மொழியில் அடைக்கும் முளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஓரிடத்தில் உண்டாகி, இரத்தத்தோடு பயணம் செய்து, வேறோரிடத்தில் போய்ச் சிக்கிக்கொள்வது எதுவோ அதுவே எம்போலஸ். பெரும்பாலும் அது பிய்ந்துபோன திராம்பஸ் துண்டுதான். ஆனால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தொடையெலும்பு முறிந்தால் மச்சையிலுள்ள கொழுப்பும், சில வேளை காற்றுக்குமிழியும்கூட எம்போலஸ் ஆகலாம். வாய்க்காலில் ஓரிடத்திலேயே மண் படிந்து தூர்ந்துபோவது திராம்பஸ். எங்கோ அறுந்த ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்துவந்து மதகில் சிக்குவது எம்போலஸ்.

அப்படியானால் காலில் கிளம்பிய கட்டி வழியில் எங்கும் நிற்காமல் நுரையீரலில் போய் ஏன் நிற்கவேண்டும்? எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வயல்களின் வடிகாலைப் பாருங்கள்: சின்னச் சின்ன ஓடைகள் சேர்ந்து போகப்போக அகலமாகும். சிரைகள் அப்படிப்பட்டவை. பாசன வாய்க்காலோ கிளை பிரியப்பிரியக் குறுகும். தமனிகள் அப்படிப்பட்டவை. ஆகவே கால் சிரையில் அறுந்த கட்டி தடையின்றி நழுவி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனிக்குள் நுழைகிறது. வழி குறுகுவது அங்கேதான்.

இதயத்தின் இடப்பக்கத்தில் கட்டி உண்டானால் அது மூளைக்கே போகக்கூடும், பக்கவாதம் வரும். எங்கள் வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின் வரும் வாதக்காய்ச்சல், இதயத்தின் ஈரிதழ் வால்வைச் சுருக்கிவிடுவதுண்டு. அப்போது இரத்தம் இடது மேலறையில் தேங்கி உறையும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய இந்திய வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய செயற்கை வால்வு பொருத்தியவர்களும் கட்டி உண்டாகாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ணவேண்டும். மாரடைப்போ பெரும்பாலும் திராம்பஸ் வகை. இதயத் தமனியின் கொழுப்புப் படிவு வெடித்த இடத்திலேயே கட்டி உண்டாகிறது.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. 1840களில் அவர் பெர்லினில் பிணப்பரிசோதனைகள் செய்து, நுரையீரலில் கண்ட கட்டிகள் கால் சிரைகளிலிருந்து வந்தவை என்று நிறுவினார். அதற்கு முன் அவை அங்கேயே தோன்றியவை என்றே பலரும் நம்பினர். அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் நாள் இப்போது உலக திராம்போசிஸ் தினம்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு தோழி மெதுவாக, “நான் நீவியதால்தானா, அக்கா?” என்றாள். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. “ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் நீவக் கூடாதும்மா, கட்டி அறுந்துவிடலாம். ஆனால் தொடாமலே அறுந்து போவதும் நிறைய உண்டு. உன் அப்பாயிக்கு எப்படி நடந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது” என்றார். உடனே கொண்டுபோயிருந்தால் காலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஹெப்பாரின் ஊசியால் கட்டி வளராமல் தடுத்துப் பார்த்திருப்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. தோழி அழுதாள். அக்கா அவள் கையை விடவே இல்லை.

சென்ற மாதம் அவளுடைய தாத்தாவுக்கு முழங்காலில் அறுவை நடந்தது. பள்ளி விட்டதும் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி எண்ணுகிறாள். தாத்தா பதினைந்தோடு நிறுத்தப் பார்த்தாலும் இருபது வரை விடுவதில்லையாம்.