கொடுத்தது யார், வாங்கியது யார்?

"உன் கால்குலேட்டரை எனக்கு பாரோ பண்ணு" என்று கிள்ளானில் ஒரு மாணவர் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார். பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டு முடித்ததும் "வா, வீட்டுக்கு செண்ட் பண்றேன்" என்றால் கார் தயார் என்று பொருள். சொற்கள் ஆங்கிலம், பொருள் வந்தது மலாயிலிருந்து. பேச்சு மலாயில் பிஞ்சாம் என்பது இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் பொது. ஹந்தார் என்றால் கடிதம் அனுப்புவதும் ஆளைக் கொண்டுபோய் விடுவதும். தமிழிலோ வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. அனுப்புவது வேறு, கொண்டுபோய் விடுவது வேறு. பாரோவுக்கும் லெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்ப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலப் பாடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும், தாய்மொழி குறுக்கே வரக்கூடாது என்பார்கள். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றிய மலேசிய அரசாங்கம், 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. கிராமப்புற மாணவர்கள் பின்தங்கியது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. போதனை மொழியை மாற்றினால் மட்டும் சொல் வசப்பட்டுவிடாது. அதற்காகத் தமிழ் எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. ஆங்கிலத்தின் சே, டெல் இரண்டுக்கும் நம் பேச்சில் பெரும்பாலும் 'சொல்' ஒன்றுதான்; அங்கே காத்தா, பெரித்தாஹு என்று பிரித்துக் காட்டுவது மலாய். மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

இதெல்லாம் மலேசிய ஆங்கிலம், இதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 2025இல் 'அலாமாக்', 'தாப்பாவ்' ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டதே என்றும் வாதிடலாம். அவை வேறொரு பொருளோடு மோதாத சொற்கள். புதிதாக வந்து உட்கார்ந்தன, அவ்வளவுதான். பாரோ அப்படியல்ல. ஐந்நூறு வெள்ளிக் கடனைப் பற்றிய கடிதத்தில் அதை மாற்றி எழுதினால் கடன்காரரே மாறிவிடுவார். கடையில் எப்படிப் பேசினாலும் கேடில்லை. தேர்வுத்தாளும் வேலை விண்ணப்பமும் அப்படி விட்டுவிடா.

பெற்றோர்களே, பிள்ளையின் சொல் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பாரோவுக்கு எதிரே 'கடன்' என்று மட்டும் இருந்தால், யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று தெரியும்படி முழு வாக்கியம் ஒன்றை அதன் கீழே எழுதச் சொல்லுங்கள்.