கட்டுமரமும் பக்கமிதவையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறையை நோக்கி நடந்து செல்பவர், முருகைக்கற் பாரின்மேல் அலை உடைந்து நுரைப்பதையும், பாரை ஊடறுத்து வெட்டிய 'வான்' என்னும் ஒடுங்கிய வழியாலே படகுகள் போய்வருவதையும் காண்பர். ஆழங்குறைந்த அத்தகைய கடலில் அடிதட்டாது செல்லத்தக்க கலமாக நம் முன்னோர் கைக்கொண்டது கட்டுமரம்.

பாரமற்ற மரக்குற்றிகள் சிலவற்றை, நடுவிலுள்ளது நீண்டிருக்க, முன்னந்தலை சற்றே மேனோக்கி நிற்க, அருகருகே அடுக்கிக் கயிற்றால் இறுகப் பிணைப்பர். அப்பிணைப்பே கலத்துக்குப் பெயருமாயிற்று. தோணியானது தன் குழிந்த வயிற்றிற் காற்றை அடக்கி மிதப்பதாகலின், நீர் நிறைந்தால் அமிழும். கட்டுமரமோ மரத்தின் இலேசினாலேயே மிதப்பது. மேலேறிய அலை இடுக்குகளால் வடிந்துபோகும். கரையேறியதும் அதை வெயிலில் உலரவிடுவது, நீர் ஊறிப் பாரமேறாதிருத்தற் பொருட்டே.

ஒற்றைக் குற்றியை நீரிலிட்டு ஏறினால் அது உருளும்; உருளாதிருக்க அகலம் வேண்டும். மரத்தோடு மரம் சேர்த்து அவ்வகலத்தைப் பெற்றது நம் உபாயம். நீர்கொழும்புச் சிங்கள மீனவரின் 'ஒருவ' என்னுந் தோணியிலும், பசுபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவினரின் நெடுந்தோணியிலும் காணும் உபாயம் வேறு. ஒடுங்கிய தோணியின் ஒரு பக்கத்தே, இரு வளைகழிகளின் நுனியிலே, மிதவைக் கட்டையொன்றைக் கட்டிவிடுவர். நிறைகோலின் நுனியிலே தூங்கும் சிறு படிக்கல் பெரும்பாரத்தைச் சமன்செய்வது போல, இச்சிறுமிதவையும் எட்ட நிற்பதனாலேயே தோணியைக் கவிழாது காக்கிறது.

ஹவாயில் இத்தோணியை வலிப்பது ஊரார் கூடிப் பயிலும் வித்தையாகும். வைக்கீக்கிக் கடற்கரையில் 1908இல் இதற்கெனக் கழகமொன்று தோன்றிற்று. மொலொக்காய்த் தீவிலிருந்து ஓவாகுத் தீவுக்கு வலித்துச் செல்லும் பெரும்போட்டி 1952இல் ஆரம்பமாயிற்று. அறுவர் ஒரே தாளத்திற் சவள் வலிப்பர். பின்னாசனத்தவர் திசை திருப்புவர். ஒருவர் குரல் கொடுத்ததும் ஏனையோர் ஒருங்கே கைப்பக்கம் மாற்றுவர். சிறுவரும் முதியவரும் அக்கழகங்களில் அங்கத்தவராயுள்ளனர்.

நம் வடகரையூர்களிலும் விழாக்காலங்களிற் கட்டுமரப் போட்டி நடைபெறுவதுண்டு. ஆயினும், கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் தொழிலை ஏற்றுக்கொண்டபின், மரந்தெரிந்து, தலைசெதுக்கி, கயிறு முறுக்கிக் கட்டும் கைகள் அருகிவருகின்றன. இரட்டை உடற் படகுகளுக்கு உலகெங்கும் வழங்கும் 'கற்றமறான்' என்ற பெயர் நம் மொழி ஈந்தது. அப்பெயருக்குரிய பொருளை நம் பிள்ளைகளும் அறியும்வண்ணம், கரையோரத்துச் சனசமூக நிலையம் ஒவ்வொன்றும் ஒரு கட்டுமரத்தைப் பேணி, அதைக் கட்டத்தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து, அந்த முடிச்சை இளைஞர் கையிற் பழக்குவிக்க வேண்டும்.