நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வி

கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு, மதுரை சப் கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறி 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. நுழையக் கூடாது என்பதே கடைசித் தீர்ப்பு. கடல் கடந்து உட்கார்ந்திருந்தவர்கள் கமுதிக் கோயில் வாசலைத் தீர்மானித்தார்கள். அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் வழியில்லை.

இப்போது கேட்கலாம். பதில்தான் நாட்டுக்கு நாடு வேறு.

திருநெல்வேலி அருகே மேலத் திருவேங்கடநாதபுரத்தில் வேர் கொண்ட குடும்பம் அமெரிக்க நீதிபதி ஸ்ரீ சீனிவாசனுடையது. சண்டிகரில் பிறந்து கான்சாஸில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டில் சட்டத்தோடு எம்.பி.ஏ.வும் முடித்து, உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் உதவியாளராக இருந்தார். பிறகு தனியார் வழக்கறிஞர் நிறுவனத்திலும், அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடும் அலுவலகத்திலும் மாறி மாறி வேலை. 2012 ஜூனில் அதிபர் ஒபாமா அவரை வாஷிங்டன் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். மத்திய அரசு அமைப்புகளின் உத்தரவுகளை எதிர்க்கும் பெரிய வழக்குகள் பலவும் வந்து சேரும் இடம் அது.

அதிபர் பெயர் சொன்னால் போதாது. மேலவையான செனட் ஒப்ப வேண்டும். அந்த ஆண்டு வாக்கெடுப்பே நடக்கவில்லை; பெயர் திரும்பி வந்தது. 2013 ஜனவரியில் மறுபடி முன்மொழிந்தார்கள். ஏப்ரலில் செனட் கமிட்டி முன் உட்கார்ந்து, நாடே பார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மே 23ஆம் தேதி ஓட்டு 97க்கு 0. 2020இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியுமானார். நீதிபதிப் பதவி ஆயுளுக்கும்.

அந்த முறையை ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை செனட் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவர் அப்போது அதே வாஷிங்டன் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி.

இங்கே? கமுதி முன்சீப் கோர்ட்டில் வாதாடும் வக்கீல் உயர் நீதிமன்ற நீதிபதியாக வேண்டுமானால், உயர் நீதிமன்றத்தில் பத்து வருட வக்கீல் தொழிலாவது வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்ததால் அது பஸ் ஏறிப் போகும் தூரமாகிவிட்டது. தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயர் எழுத வேண்டும். அதன் பின் கோப்பு மாநில அரசு, மத்திய அரசு, உளவுத்துறை, உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் என்று சுற்றும். பெயருக்குரியவரை எவரும் பொதுவில் கேள்வி கேட்பதில்லை. கோப்பு ஏன் நிற்கிறது என்று அவருக்கே தெரியாமலும் போகலாம்.

சென்னை வக்கீல் ஜான் சத்யன் பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததை உளவுத்துறை குறித்துவைத்தது. அது தடையில்லை என்று 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் அவர் பெயரை மறுபடி அனுப்பியது. அன்று பரிந்துரைத்த மற்றச் சிலருக்கு முன்பே அவரை நியமிக்கவும் சொன்னது. அதே நாள் பரிந்துரையில் இருந்த இன்னொரு வக்கீல் விக்டோரியா கௌரி. அவருடைய பழைய பேச்சுகளைக் காட்டி, அவரை நியமிக்கக் கூடாது என்று சில வக்கீல்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி காலை டெல்லியில் அந்த மனு விசாரணையில் இருக்கும்போதே சென்னையில் அவர் பதவியேற்றார். மனு தள்ளுபடியானது. சத்யனின் கோப்பு நகரவில்லை.